தேக்கா உணவகத்தில் பியர்: எத்தனை மணி வரை?

வாழையிலை_முதலாளி
வெள்ளி, இரவு 11:40

சிங்கப்பூர்ல தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, சின்னதா ஒரு சாப்பாட்டுக்கடை வச்சிருக்கேன். பேர் வேணாம். மத்தியானம் இலைச் சாப்பாடு, சாயங்காலத்துக்கு மேல கொத்து பரோட்டா, சுக்கா, மூளை வறுவல். மது உரிமம் இருக்கு, ராத்திரி பன்னெண்டு வரைக்கும். இன்னும் ரெண்டு மணி நேரம் நீட்டிச்சுக் கேக்கலாமான்னு யோசிக்கிறேன். கணக்கு பார்க்கிற தம்பி, "இந்த வட்டாரத்துல வேணாம் பாஸ்"னு தலையை ஆட்டுறான்.

ஒண்ணு கேக்குறேன். கடைக்குள்ள உட்கார்ந்து, சோத்தோட ரெண்டு கிளாஸ் குடிக்கிறவனாலயா தேக்காவுக்குக் கெட்ட பேர் வந்துச்சு? 2013 டிசம்பர் 8, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ஷயர் ரோடும் சேர்ற இடத்துல ஒரு தொழிலாளி பஸ்ல அடிபட்டுச் செத்து, அதுக்கப்புறம் வண்டியெல்லாம் எரிஞ்சுச்சே, அன்னைக்குக் குடிச்சிருந்தவங்க எங்க குடிச்சாங்க? புல்தரையில, பின்சந்துல, மளிகைக்கடையில வாங்கின போத்தலை வச்சு. என் கடையில அப்படியில்ல. கதவு இருக்கு, பில் இருக்கு, "அண்ணே, இன்னைக்கு இது போதும்"னு சொல்றதுக்கு ஆள் இருக்கு. ஒழுங்கு வேணும்னா உணவகத்துக்குத் தாராளமா உரிமம் குடுத்து, வாங்கிட்டுப் போறதை இறுக்கணும். நடக்குறது தலைகீழா இருக்கு.

ரோவல்_நாலாம்மாடி
வெள்ளி, இரவு 11:58

அண்ணே, உங்க கடைக்குக் கதவு இருக்கு. அதுலேருந்து வெளிய வர்றவருக்கு எந்தக் கதவும் இல்ல. நேரா நான் இருக்குற அடுக்குமாடி புளோக்குக்குக் கீழதான் வர்றாரு.

பன்னெண்டு மணிக்குக் கடை மூடுனா பன்னெண்டே முக்கால் வரைக்கும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. டாக்சி வர்ற வரைக்கும் நின்னு பேசுவாங்க. ஒருத்தர் அழுவாரு, ஒருத்தர் ஊருக்கு வீடியோ கால் போட்டுக் கத்துவாரு. காலையில லிஃப்டைத் திறந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள போகணும். என் மகளுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை. இதுல ரெண்டு மணி வரைக்கும் வேற கேக்குறீங்க.

கொவிட் சமயத்துல 2020 ஜூன்லேருந்து 2022 மார்ச் 29 வரைக்கும் எந்தக் கடையிலயும் பத்தரைக்கு மேல மது கிடையாது. இந்த வட்டாரத்துல நான் நிம்மதியாத் தூங்கினது அப்பத்தான்.

டாஸ்மாக்_அகதி
சனி, காலை 7:15

ஊர்ல 2003லேருந்து அரசாங்கமே கடை போட்டு விக்குது. இங்க வந்தா அரசாங்கம் விக்கவே விடமாட்டேங்குது. ரெண்டு ஊர்லயும் காலியாகுறது என் பர்ஸ்தான்.

சட்டம்பேசி
சனி, காலை 9:30

விவாதம் தொடங்கும் முன்பே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்துச் சொல்கிறேன், பிறகு அடித்துக்கொள்ளலாம்.

மது விநியோக, அருந்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஜனவரி 30 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. இரவு 10:30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. அதே நேரத்தில் வாங்கிக்கொண்டு போவதற்கான மதுவைக் கடைகள் விற்கவும் கூடாது. இது தீவு முழுவதற்கும். மீறிக் குடிப்பவருக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மீண்டும் பிடிபட்டால் 2,000 வரை, சிறையும் உண்டு. நேரம் தாண்டி விற்கும் கடைக்கு 10,000 வரை. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கூடுதலாக மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள்: சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் ஒரு மிடறுகூடக் கூடாது. தேக்காவில் வார இறுதியில் எடுத்துச்செல்லும் விற்பனை இரவு 7 மணியோடு சரி.

ஆக, முதலாளி அண்ணன் "தலைகீழ்" என்கிறாரே, அது சரியில்லை. வாங்கிக்கொண்டு போவதை ஏற்கெனவே இறுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற இடத்துக்குள் அமர்ந்து குடிப்பதை இந்த 10:30 கட்டுப்படுத்துவதில்லை. அதற்கு உரிமத்திலேயே நேரம் உண்டு. 1ஏ வகை என்றால் எல்லா மதுவும் நள்ளிரவு வரை, 2ஏ என்றால் பியர் மட்டும். நள்ளிரவுக்கு மேல் வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அக்கம்பக்கத்து நிலைமை, போலிசின் கருத்து எல்லாம் அப்போது வரும்.

இன்னொன்று, நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு உணவகம் வேறு, மதுக்கூடம் வேறு. உணவகமாக அனுமதி வாங்கிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு விடியற்காலை வரை பியர் மட்டும் ஊற்றினால் அது மதுக்கூடம். கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நீங்கள் போடும் மேசை உங்கள் உரிமத்து எல்லைக்குள் இல்லையென்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர் சட்டப்படி தெருவில்தான் குடித்துக்கொண்டிருக்கிறார்.

வாழையிலை_முதலாளி
சனி, காலை 10:05

சார், அஞ்சடியில மேசை போடுறதை நிறுத்தி நாலு வருஷமாச்சு. ஒரு தடவை பட்டது போதும்.

ஞாயிறுமட்டும்_லீவு
சனி, இரவு 10:20

வேலை முடிஞ்சு இப்பதான் படிக்கிறேன். எல்லாரும் எங்களைப் பத்திப் பேசுறீங்க, நானும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன். புதுக்கோட்டைப் பக்கம், கட்டட வேலை, வந்து பதிமூணு வருஷம்.

கலவரம் நடந்த அந்த ஞாயித்துக்கிழமை நான் பஃபலோ ரோட்டுல, வீட்டுக்குப் பணம் அனுப்ப வரிசையில நின்னேன். சத்தம் கேட்டுச்சு, போகல. அடுத்த வாரம் அந்த வட்டாரத்துல ஒரு சொட்டு விக்கக்கூடாதுன்னுட்டாங்க, நாங்க தங்குற டார்ம், அதான் தொழிலாளர் விடுதி, அங்கேருந்து வர்ற பஸ்ஸும் ஓடல. தேக்கா செத்த வீடாட்டம் கிடந்துச்சு. நான் குடிக்கிறதே இல்ல, எனக்கும் சேத்துத்தான் தண்டனை.

முதலாளி அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. என் பேசிக் சம்பளம் ஒரு நாளைக்கு 24 வெள்ளி. உங்களை மாதிரி கடையில ஒரு பெரிய போத்தல் 11, 12 வெள்ளி. என் ரூம் பசங்க அங்கயா உட்காருவானுங்க? நாலு பேர் சேர்ந்து கடையில வாங்கி, புல்லுல உட்கார்ந்து, கடலையைக் கொறிச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசுவானுங்க. இப்ப சனி ஞாயிறு அதுவும் கூடாது. இருக்குறதே அந்த ஒரு நாள்தான். நீங்க கேக்குற ரெண்டு மணி நேரம் எங்களுக்கு இல்லண்ணே. திங்கக்கிழமை விடியக்காலை லாரி வந்து நிக்கும், நாங்க ஒம்பது மணிக்கே கிளம்பிடுவோம். பன்னெண்டுக்கு மேல உங்க கடையில யாரு இருப்பா? அதைச் சொல்லுங்க.

அக்காவுக்கும் ஒண்ணு. கொவிட்ல நிம்மதியாத் தூங்கினேன்னீங்களே, அப்ப நாங்க டார்மை விட்டு வெளிய வரவே முடியாது. 2022ல கூட ஞாயித்துக்கிழமை தேக்கா வரணும்னா பாஸ் எடுக்கணும். உங்க புளோக் அமைதியா இருந்தது கடை மூடுனதாலயா, நாங்க வராததாலயா?

ரோவல்_நாலாம்மாடி
சனி, இரவு 10:50

தம்பி, நீங்க சொன்னதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. நான் உங்களைச் சொல்லல. ஆனா அப்படித்தான் கேட்டிருக்கும்னு இப்ப புரியுது.

வார நாள்ல யாரு கத்துறாங்கன்னு எனக்கே தெரியும். கழுத்துல ஆபீஸ் அட்டை தொங்கும்.

பொங்கோல்_மச்சான்
சனி, இரவு 11:10

ஹாஹா, மாட்டிக்கிட்டாரு முதலாளி. பன்னெண்டுக்கு மேல யாருன்னு நான் சொல்றேன். ஐபிஎல்! இந்தியாவுல ஏழரைக்குத் தொடங்குற ஆட்டம் நமக்குப் பத்து மணி, முடிய ஒண்ணரையாவது ஆகும். கடைசி அஞ்சு ஓவர்ல "கடை மூடுறோம்"னு வந்து கிளாஸை எடுப்பாங்க பாருங்க, அந்த வேதனை உங்க யாருக்கும் தெரியாது.

வாழையிலை_முதலாளி
ஞாயிறு, பிற்பகல் 3:30

ஆமா, ஐபிஎல்தான். மறைக்க என்ன இருக்கு? கடைசி மேசை பத்தே முக்காலுக்குச் சாப்பிட உட்காருது, பன்னெண்டுக்கு மேல ஆர்டர் எடுக்க முடியல. தண்ணியும் மோரும் குடுத்து ஒண்ணரை மணி வரைக்கும் உட்கார வைக்க முடியுமா?

கணக்கு சொல்றேன், அப்புறம் திட்டுங்க. சாப்பாட்டுல மிஞ்சுறது சில்லறைதான். கறி விலை, ஆள் சம்பளம், வெளிநாட்டு ஆளுக்கு அரசாங்கத்துக்குக் கட்டுற லெவி, வாடகை எல்லாம் போனா ஒரு இலைக்கு ஒரு வெள்ளி நின்னாப் பெருசு. பியர்ல கொஞ்சம் நிக்கும். அதுலயும் அரசாங்கத்துக்குப் பங்கு போகுது. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி தீர்வை. 633 மில்லி பெரிய போத்தல், 5 விழுக்காடுன்னா, இங்கயே காய்ச்சுன பியருக்கே 1.90 கிட்ட வருது. வெளியிலேருந்து வந்த பியர்னா ஆல்கஹால் லிட்டருக்குச் சுங்க வரி 16 வேற. விஸ்கிக்கு ஆல்கஹால் லிட்டருக்குத் தீர்வை 88. இதுக்கெல்லாம் மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி. அதனாலதான் தம்பி 11, 12 வெள்ளி. நான் கொள்ளையடிக்கல.

சட்டம்பேசி
ஞாயிறு, பிற்பகல் 4:10

அண்ணே, கணக்கு சரி. ஆனால் முதல் பதிவில் நீங்கள் பேசியது பொது ஒழுங்கு. இப்போது பேசுவது லாபம். லாபம் தவறில்லை. அதற்குக் கலவரத்தை ஏன் சாட்சிக்கு அழைத்தீர்கள்?

ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. மது ஒரு காரணம் என்றது. கூடவே, விபத்தைப் பற்றிய தவறான புரிதலையும் சொன்னது. "குடித்துவிட்டு ஆடினார்கள்" என்று ஒரே வரியில் முடிக்க அதில் இடமில்லை. ஆனால் அதன் பிறகு வந்த சட்டத்தில் நம் எல்லோர் நினைவிலும் நின்றது மது மட்டும்தான்.

கள்ளுக்கடை_பேரன்
ஞாயிறு, இரவு 8:00

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் கூலி. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் கள்ளுக்கடைகளை அரசாங்கமே நடத்தியது. வேலை முடிந்தால் சம்பளத்தில் பாதி அங்கே போய்விடும். அம்மா வாசலில் காத்திருப்பார், அப்பாவுக்காக அல்ல, மிச்சக் காசுக்காக. தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1930களில் எழுந்தபோது அவர்கள் பேசிய விஷயங்களில் கள்ளும் ஒன்று. "நம் கூலிக்காரன் கள்ளில் மூழ்கிக் கிடக்கிறான், கடையை மூடு" என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதே ஊரில் துரைமார் கிளப்பில் விஸ்கி ஓடியதைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை.

இன்றும் என் கண்ணில் படுவது அதுதான். தனியார் அடுக்குமாடியான கொண்டோவில் நீச்சல்குளத்தருகே பதினொரு மணிக்கு ஒயின் ஊற்றினால் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. அரசாங்க வீடான வீவக புளோக்குக்குக் கீழே கல்மேசையில் இரண்டு கிழவர்கள் ஒரு போத்தலைத் திறந்தால் குற்றம். முதலாளிக்கு விண்ணப்பம் போட வழியாவது இருக்கிறது. புல்லில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு எந்த விண்ணப்பம்?

அதற்காக உரிமத்தைத் தாராளமாக்கு என்று சொல்ல மாட்டேன். என் ஓட்டு பன்னெண்டு மணிக்கே. பதினொன்று என்றால் இன்னும் நல்லது.

பொங்கோல்_மச்சான்
ஞாயிறு, இரவு 8:12

ஐயா, நீங்க எங்க பக்கம்னு நெனச்சு முக்கால்வாசி படிச்சேன்.

கள்ளுக்கடை_பேரன்
ஞாயிறு, இரவு 8:20

யார் பக்கமும் இல்லை தம்பி. என் அம்மா பக்கம்.

ரோவல்_நாலாம்மாடி
ஞாயிறு, இரவு 9:05

முதலாளி அண்ணே, நேராக் கேக்குறேன். நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் போட்டா நான் எதிர்த்து எழுதுவேன். எழுதினப்புறம் தெரியுறதுக்குப் பதிலா இப்பவே சொல்லிடுறேன். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஒரு சிக்சருக்கு ஒரு கூச்சல்னு என்னால முடியாது. ஆனா பன்னெண்டு மணி வரைக்கும் நீங்க நடத்துறதுல எனக்குச் சண்டை இல்ல. உங்க பின்வாசல்தான் பிரச்சினை. எல்லாரும் அந்த வழியாத்தான் சந்துக்குள்ள வந்து நிக்கிறாங்க.

வாழையிலை_முதலாளி
ஞாயிறு, இரவு 11:50

அக்கா, எந்தக் கடைன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா!

சரி. பத்து மணிக்கு மேல பின்வாசலைப் பூட்டுறேன், எல்லாரும் மெயின் ரோட்டுப் பக்கமே போகட்டும். சமையல்காரர் தீ விபத்துன்னா என்ன பண்றதுன்னு கேக்குறாரு, உள்பக்கத்துலேருந்து தள்ளுனாத் திறக்குற மாதிரி வைக்கணும், நாளைக்கு ஆளை வரச் சொல்லியிருக்கேன். விண்ணப்பத்தை இந்த வருஷம் போடல. அடுத்த ஐபிஎல்லுக்கு முன்னால மறுபடி யோசிப்பேன், இதையும் இப்பவே சொல்லிட்டேன்.

ஞாயிறுமட்டும் தம்பி, அடுத்த வாரம் வந்தா கடைக்கு வாங்க. நீங்கதான் குடிக்கிறதில்லையே, மத்தியானச் சாப்பாடு என் கணக்கு.

ஞாயிறுமட்டும்_லீவு
திங்கள், காலை 5:10

லாரியில இருக்கேன்ணே. அடுத்த ஞாயிறு ஓட்டி, கூடுதல் நேர வேலை. அதுக்கு அடுத்த ஞாயிறு வர்றேன். ரூம் பசங்க மூணு பேரும் வருவானுங்க, பரவாயில்லையா?