கொல்லம், செங்கோட்டை படங்கள் மட்டும் இரட்டிப்பாகின்றன: கட்டளைவரியில் நகலெடுப்பதும் ஜேபெக்காக மாற்றுவதும்

குண்டாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையின் பழைய ஒளிப்படங்களைச் செங்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து தொகுத்து வருகிறோம். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் 2010இல் மீட்டர் கேஜ் ஓட்டம் நின்று, 2018இல் அகலப்பாதை வந்தபோது பழைய நிலையங்களின் தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தின் மேல் மீட்டர் கேஜ் வண்டி செல்லும் படங்களை இனி யாரும் புதிதாக எடுக்க முடியாது என்பதால், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களின் வீடுகளிலிருந்து கிடைப்பவற்றை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்து, டிஃப் என்ற பட வடிவக் கோப்புகளாக வைத்திருக்கிறோம்.

ஸ்கேன் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. செங்கோட்டையில் உபுண்டு கணினி. புனலூரில் இருக்கும் நண்பரிடம் மேக் கணினி. ஒவ்வொரு கோப்புக்கும் நிலையத்தின் பெயரையும் ஒரு வரிசை எண்ணையும் தமிழிலேயே பெயராக இடுகிறோம். முதலில் செங்கோட்டைக் கோப்புகளை நண்பருக்கு அனுப்பினோம். அவர் தம்முடையவற்றையும் சேர்த்து, முழுத் தொகுப்பையும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை மூலம் வலைப்பின்னல் வழியாக எங்கள் கணினிக்குத் திருப்பி அனுப்பினார். இப்போது பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, எடமண், புனலூர் ஆகியவற்றின் படங்கள் ஒழுங்காக ஒவ்வொன்றாகவே உள்ளன. ஆனால் கொல்லம், கொட்டாரக்கரை, செங்கோட்டை ஆகிய மூன்றின் படங்கள் மட்டும் ஒரே கோப்புறையில், எழுத்துக்கு எழுத்து ஒரே பெயருடன் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்றல்லவா படித்திருக்கிறோம்?

முனையத்தில் 'செங்கோட்டை' என்று தட்டச்சு செய்து, பின்னால் உடுக்குறி (*) இட்டுக் கோப்புகளைப் பட்டியலிட்டால், இரட்டையில் ஒன்று மட்டுமே வருகிறது. இந்த நிலையில் இமேஜ்மேஜிக் என்ற பட மாற்றக் கருவியைக் கொண்டு அனைத்தையும் வலைத்தளத்துக்கு ஏற்ற சிறிய ஜேபெக் படங்களாக மாற்றினால் எவை மாறும், எவை விடுபடும் என்பது தெரியவில்லை. மூலக் கோப்புகளுக்கு எந்தப் பங்கமும் வராமல் இதைச் செய்யும் முறையை விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

தென்மலைச்சாரல் எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. இரட்டிப்பான மூன்று ஊர்ப் பெயர்களையும் இரட்டிப்பாகாதவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டது மிகவும் நல்லதாயிற்று; விடை அதிலேயே இருக்கிறது. கொல்லம், கொட்டாரக்கரை, செங்கோட்டை ஆகிய மூன்றிலும் ஒகர அல்லது ஓகார உயிர்மெய் வருகிறது. மற்ற ஐந்து பெயர்களில் அது இல்லை.

யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக (எழுத்தைக் கணினி அடையாளம் காணும் எண்) இடுவது ஒரு விதம். ககரத்தை அடுத்து ஏகாரத்துக்குரிய இரட்டைக் கொம்பையும் அதன்பின் காலையும் இரண்டு குறியெண்களாக இடுவது மற்றொரு விதம். திரையில் இரண்டுக்கும் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. யூனிகோடு தரநிலையும் இவ்விரண்டும் சமமே என்று சொல்கிறது. சேர்த்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்சி என்றும், பிரித்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். தமிழில் இவ்வாறு பிரியக்கூடியவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் 'ஔ' என்னும் உயிரெழுத்தும் மட்டுமே. 'செங்கோட்டை' என்பது சேர்ந்த வடிவில் 10 குறியெண்கள். தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுப்பதால் அது 30 பைட். பிரிந்த வடிவில் அதுவே 11 குறியெண்கள், 33 பைட்.

லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை; பைட் வரிசையாகவே பார்க்கிறது. ஆகவே அதன் கணக்கில் அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி மீறப்படவே இல்லை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமையோ, தன்னிடம் வரும் பெயர்களையெல்லாம் பிரிந்த வடிவுக்கு மாற்றியே சேமிக்கும். புதிய ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவை அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகவே கருதும். அதனால்தான் நண்பரின் கணினியில் ஒன்றாக இருந்தது, உங்களிடம் திரும்பி வந்தபோது பழையதன் மேல் பொருந்தாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. உடுக்குறியிட்ட தேடலில் ஒன்று மட்டும் வந்ததற்கும் இதுவே காரணம்: உங்கள் விசைப்பலகை சேர்ந்த வடிவைத் தட்டச்சு செய்கிறது, பிரிந்த வடிவுள்ள பெயர் அதனுடன் பொருந்துவதில்லை.

இருக்கும் இரட்டைகளைச் சரிசெய்யக் கன்வ்எம்வி என்ற கருவி போதும். மூலக் குறியாக்கம், இலக்குக் குறியாக்கம் இரண்டையும் யூடிஎஃப்-8 என்றே கொடுத்து, என்எஃப்சி விருப்பையும், உட்கோப்புறைகளுக்குள் செல்லும் விருப்பையும் சேர்த்து இயக்குங்கள். இந்தக் கருவியின் நல்ல குணம், 'நோடெஸ்ட்' என்ற விருப்பைத் தராதவரை அது எதையும் மாற்றாது என்பதுதான்; என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் பட்டியலாகக் காட்டும். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்த பிறகே நோடெஸ்ட் விருப்புடன் இயக்க வேண்டும். இலக்குப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அது பெயர்மாற்றத்தை மறுத்துவிடும். 'ரீப்ளேஸ்' விருப்பைச் சேர்த்தால், இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றாக இருக்கும்போது மட்டும் ஒன்றை மற்றொன்றின் மேல் எழுதும். நண்பர் ஏதேனும் ஒரு படத்தைத் திருத்திச் சேமித்திருந்தால், அந்த இரட்டை அப்படியே நிற்கும். அவற்றை நீங்கள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி வரும் நகல்களுக்கு, ஆர்சிங்க் கட்டளையிலேயே 'ஐகான்வ்' என்ற விருப்பு உண்டு. இதில் முதலில் எழுதுவது கட்டளை ஓடும் கணினியின் குறியாக்கம், இரண்டாவது எதிர்முனையின் குறியாக்கம். நண்பர் மேக்கிலிருந்து அனுப்பினால் யூடிஎஃப்-8-மேக் என்பதை முதலிலும், யூடிஎஃப்-8 என்பதை அடுத்தும் தர வேண்டும். இந்த விருப்பு 2008இல் வெளிவந்த 3.0.0 பதிப்பில்தான் சேர்ந்தது என்பதால், அவரிடம் உள்ள ஆர்சிங்க்கின் பதிப்பை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர்களின் நீளத்தையும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்4இல் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. தமிழில் அது 85 குறியெண்கள்தான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டைக் கணக்கிடாமல் 255 குறியீட்டு அலகுகள்வரை இடம் தருகிறது. ஆகவே அங்கே படத்தின் முழு விவரத்தையும் பெயராக எழுதியவர்களின் கோப்புகள் உங்கள் கணினிக்கு வரும்போது, பெயர் மிக நீளம் என்ற பிழையுடன் நின்றுவிடும்.

புளியரை வாசகர் எழுதியது:

பெயர்ச் சிக்கலைச் சாரல் தெளிவாக விளக்கிவிட்டார். மாற்றும் வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மூல டிஃப் கோப்புகள் இருக்கும் கோப்புறையில், எழுதும் உரிமையுடன் இமேஜ்மேஜிக்கை இயக்கவே கூடாது.

இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும், இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை, இயல்பாகவே மூலக் கோப்பின் மேலேயே எழுதும் தன்மையுடையது. 'ஃபார்மேட்' விருப்பில் ஜேபெக் என்று சொன்னால் வேறு பின்னொட்டுடன் புதிய கோப்பு உருவாகும், மூலம் தப்பிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல் விடுபட்டால், அளவு குறைக்கும் கட்டளை உங்கள் 600 புள்ளி ஸ்கேன்கள் அனைத்தையும் கேள்வி கேட்காமல் சுருக்கி எழுதிவிடும். அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகள் பலவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். மறுபடி ஸ்கேன் செய்வது எளிதாக இராது. ஆகவே முதலில் மூலக் கோப்புறையைப் படிக்க மட்டும் உரிமையுள்ளதாக மாற்றுங்கள். அந்த உரிமையைக் கோப்புகளோடு நிறுத்தாமல் கோப்புறையின்மேலும் இடுங்கள். பிறகு 'பாத்' என்ற விருப்பால் வெளியீட்டைத் தனிக் கோப்புறைக்கு அனுப்புங்கள். அந்தக் கோப்புறை முன்கூட்டியே இருக்க வேண்டும். மோக்ரிஃபை அதை உருவாக்கித் தராது.

பாத் விருப்பிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது உட்கோப்புறை அமைப்பைப் பின்பற்றுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டும். ஆரியங்காவு கோப்புறையிலும் தென்மலை கோப்புறையிலும் '001' என்று ஒரு படம் இருந்தால், இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். நிலையப் பெயரையே கோப்புப் பெயரில் வைத்திருப்பதால் உங்களுக்கு இது நேராது என்றாலும், வேறு தொகுப்புகள் வந்து சேரும்போது நேரலாம். கோப்புறைகளின் கட்டமைப்பை மட்டும் முதலில் ஆர்சிங்க் கொண்டு நகலெடுத்துவிட்டு, ஒவ்வொரு கோப்புறையாக மாற்றுவதே பாதுகாப்பானது.

அளவைக் குறைக்கும்போது, அகலமும் உயரமும் 2000 புள்ளிகளுக்குள் அடங்குமாறு கொடுத்து, அதன் பின்னால் 'விடப் பெரியது' என்னும் கணிதக் குறியை (>) இடுங்கள். ஏற்கெனவே சிறியதாக உள்ள படங்களை அது பெரிதாக்காமல் விட்டுவிடும். அந்த அளவு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இல்லையெனில் முனையம் அந்தக் குறியை வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் ஆணையாக எடுத்துக்கொள்ளும். தரம் 85 என்று வைத்தால் வலைத்தளத்துக்குப் போதுமானது. நான்குக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று 600 புள்ளியில் 2400க்கு 3600 அளவாகி, வண்ணத்தில் சுருக்கமின்றிச் சுமார் 26 மெகாபைட் வரும். அதைக் குறைக்க வேண்டிய தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மூலத்தையே ஜேபெக்காக மாற்றிவிட வேண்டாம். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சிறிது விவரத்தை இழக்கும் முறை. இடம் போதாவிட்டால் டிஃப்புக்குள்ளேயே எல்இசட்டபிள்யூ சுருக்கத்தைப் பயன்படுத்தலாம். அதில் ஒரு புள்ளியும் இழக்கப்படாது.

'ஸ்ட்ரிப்' என்ற விருப்பைப் பலர் பழக்கத்தால் சேர்ப்பார்கள். அது படத்துக்குள் இருக்கும் தேதி, குறிப்புகள், வண்ண விவரக் கோப்பு அனைத்தையும் நீக்கிவிடும். ஆவணத் தொகுப்புக்கு அது வேண்டாம். மேலும், சில ஸ்கேனர்கள் டிஃப்புக்குள் இரண்டாம் பக்கமாக ஒரு சிறு முன்னோட்டப் படத்தையும் வைக்கும். அப்போது ஒரு மூலத்திலிருந்து எண் ஒட்டிய இரண்டு ஜேபெக் கோப்புகள் பிறக்கும். அதைக் கண்டு மறுபடியும் பெயர்ச் சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். கோப்புப் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் சுழியம் இட்டால் முதல் பக்கம் மட்டும் எடுக்கப்படும்.

விண்டோஸில் இதைச் செய்ய விரும்புவோர், பழைய வழிகாட்டிகளில் உள்ள கன்வெர்ட் என்ற பெயரைத் தவிர்த்து, ஏழாம் பதிப்பின் மேஜிக் என்ற பெயரையே பயன்படுத்த வேண்டும். விண்டோஸிலேயே வட்டின் கோப்பு முறைமையை மாற்றும் கன்வெர்ட் என்ற வேறொரு கட்டளை இருக்கிறது.

குண்டாற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கன்வ்எம்வி காட்டிய பட்டியலில், சாரல் சொன்னபடியே கொல்லம், கொட்டாரக்கரை, செங்கோட்டை மட்டுமே இருந்தன. அவை இப்போது சீராகிவிட்டன. ஆனால் நண்பர் மலையாளத்தில் பெயரிட்ட சில கோப்புகளும் இருக்கின்றன. அவற்றில் புனலூர், எடமண் ஆகியவை இன்னும் இரட்டையாகவே நிற்கின்றன, கன்வ்எம்வி அவற்றைத் தொடவே இல்லை. கூடுதலாக ஒரு கேள்வி: ஒவ்வொரு நிலையத்தின் படங்களையும் ஒரு பிடிஎஃப் ஆக்க இமேஜ்மேஜிக்கை முயன்றால், அனுமதி இல்லை என்று மறுக்கிறது. இதற்கு என்ன வழி?

சித்தூர்ப் பாலக்காடு எழுதியது:

மலையாளப் பெயர்களைப் பொறுத்தவரை இது வேறு நோய், ஐயா. புனலூர், எடமண் இரண்டும் மலையாள எழுத்தில் சில்லெழுத்தில், அதாவது உயிர் சேராத மெய்க்குரிய தனி வடிவத்தில், முடிகின்றன. முன்பு சில்லெழுத்தை மெய்யெழுத்து, சந்திரக்கலை (தமிழின் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினார்கள். 2008இல் வந்த யூனிகோடு 5.1இல் ஆறு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியெண்கள் கிடைத்தன. விசைப்பலகைக்கு விசைப்பலகை பழைய முறையும் புதிய முறையும் கலந்து வருகின்றன. எங்கள் பக்கத்தில் இரு மொழியிலும் கோப்பு வைத்திருப்போர் அனைவரும் இதைச் சந்திக்கிறோம். ஒகரத்தைப் போல இவ்விரண்டையும் யூனிகோடு சமமாக அறிவிக்கவில்லை என்பதால், என்எஃப்சி மாற்றம் இவற்றை ஒன்றாக்காது. பெயருக்குள் ஒரு வரிசையை மற்றொன்றாக மாற்றும் 'ரீநேம்' கட்டளைக்கு ஆறு மாற்று விதிகளைக் கொடுத்து, வெறும் ஒத்திகையாகக் காட்டும் விருப்புடன் முதலில் இயக்கிப் பாருங்கள்.

கோப்புகள் பழுதின்றி இருக்கின்றனவா என்று பின்னாளில் சோதிக்க ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்களின் பட்டியல் எடுப்பதாக இருந்தால், பெயர்களையெல்லாம் சீராக்கி முடித்த பிறகு எடுங்கள். பட்டியலுக்குள்ளும் பெயர்கள் எழுதப்படுவதால், முன்பே எடுத்தால் மாறிய பெயர்களைக் காணவில்லை என்று அது சொல்லும்.

பிடிஎஃப் பற்றிய மறுப்பு உங்கள் கணினியின் கோளாறு அன்று. 2018இல், இமேஜ்மேஜிக் பிடிஎஃப் வேலைக்குப் பயன்படுத்தும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்ட பின், உபுண்டுவில் இமேஜ்மேஜிக்கின் கொள்கைக் கோப்பு பிடிஎஃப் வேலையைத் தடுத்து வைத்தது. அந்தத் தடையை நீக்குவதைவிட, ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற தனிக் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். அது ஜேபெக் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே பிடிஎஃப்புக்குள் வைக்கிறது. தரமும் குறையாது, வேலையும் விரைவில் முடியும். பக்கங்கள் கோப்புப் பெயரின் வரிசைப்படியே சேரும் என்பதால், 1, 2, 10 என்றிருக்கும் எண்களை 001, 002, 010 என்று மூன்று இலக்கமாக்கிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையெனில் ஒன்றாம் படத்தை அடுத்துப் பத்தாம் படம் வந்துவிடும்.