முயலின் காது ஒடிந்துகொண்டே இருக்கிறது: ஈஸ்டருக்கு மர அலங்காரம் செய்பவர்கள் வழி சொல்லுங்கள்

ஊசிநூல்

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள் நான். மரத்தைத் தொட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவு வெட்டும், மேசைமேல் வைக்கும் சிறிய ஸ்க்ரோல் ரம்பம், கையில் பிடிக்கும் சுழல்தலை கொண்ட ரோட்டரி கருவி, மரம் தேய்க்க முக்கோணத் தலை கொண்ட சாண்டர், துளை போட ஒரு டிரில். என் பட்டறை இவ்வளவுதான்.

இந்த ஈஸ்டருக்குச் செய்ய நினைத்திருப்பவை: கிளையில் தொங்கவிடப் பன்னிரண்டு முட்டைகள், சன்னல் திண்டில் நிற்க ஐந்து முயல்கள், ஓர் ஆட்டுக்குட்டி, கதவில் மாட்டத் துலிப் மலர்களும் குருவிகளும் வைத்த ஒரு வளையம். பண்டிகை முடிந்ததும் முயலையும் முட்டையையும் எடுத்து வைத்துவிடலாம். மலர் வளையம் வசந்தம் முழுக்கக் கதவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முயலில்தான் தவிக்கிறேன். 18 மில்லிமீட்டர் பைன் பலகை, 14 சென்டிமீட்டர் உயரம், நிமிர்ந்த இரண்டு காதுகள். ஏழு வெட்டியதில் நான்குக்குக் காது போய்விட்டது. ஒன்று வெட்டும்போதே ஒடிந்தது; இரண்டு தேய்க்கும்போது. நான்காவதற்கு வண்ணமெல்லாம் பூசி, காய்ந்தபின் கையில் எடுத்தேன். காது தனியாக வந்தது. அந்த முயலைப் பேத்திக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒடிந்த இடம் குச்சி முறிந்ததுபோலக் கரடுமுரடாக இல்லை. தாளை மடித்துக் கிழித்ததுபோல நேராக இருக்கிறது.

இன்னும் இரண்டு குறைகள். இரண்டு வாரத்தில் ஒன்பது பிளேடுகள் ஒடிந்தன. ரோட்டரி கருவியால் விளிம்பை உருட்டும்போது மரம் கருகிப் பழுப்புத் தடம் விழுகிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கு மாறினால் காது ஒடியாது என்று ஒருவர் சொன்னார். மாறத்தான் வேண்டுமா? எனக்கு மரமே பிடித்திருக்கிறது.

பழைய உளி

சகோதரிக்கு வணக்கம். "தாளை மடித்துக் கிழித்ததுபோல" என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஒடிந்த காதை எடுத்து மரத்தின் ரேகையைப் பாருங்கள். காதின் குறுக்கே ஓடும். பலகை நீளமாக இருந்திருக்கும். இடம் மிச்சப்படுத்த முயலைப் பலகையின் அகலவாட்டில் நிறுத்தி வரிசையாக வரைந்திருப்பீர்கள். எல்லாரும் முதலில் அப்படித்தான் வரைகிறோம்.

துணியில் நேர் இழை பார்க்காமல் நீங்கள் கத்தரி வைப்பீர்களா? மரமும் அப்படித்தான், ஆனால் துணியைவிடக் கடுமையானது. துணிக்குப் பாவும் உண்டு, ஊடையும் உண்டு. மரத்துக்குப் பாவு மட்டும்தான். நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு மெலிது. காதின் குறுக்கே நார் ஓடினால், ஒரு சென்டிமீட்டர் அகலக் காதில் ஒவ்வொரு நாரும் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். நகத்தால் தள்ளினாலே பிளந்துவிடும்.

ஆகவே முயலின் காது எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் நார் ஓடட்டும். ஆட்டுக்குட்டிக்குக் கால்தான் மெலிது, அதனால் நார் மேலிருந்து கீழே. குருவிக்கு அலகும் வாலும் மெலிது, அதனால் நார் கிடையாக. துலிப்புக்குத் தண்டின் வழியே. அட்டையில் உருவத்தை வெட்டி, அதன்மேல் நார் ஓட வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். தையலில் நீங்கள் வெட்டுத்தாளில் போடும் அதே அம்புக்குறிதான்.

சில உருவங்களுக்கு எந்தத் திசையும் ஒத்துவராது. பாயும் முயலுக்குக் காது பின்னால் போகும், கால் கீழே போகும். அதற்கு பிர்ச் பிளைவுட் எடுங்கள். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தப் பக்கமும் ஒரேயடியாக மெலிந்துபோகாது. அதில்தான் பாவும் ஊடையும் சேர்ந்திருக்கின்றன.

நார் சரியாக இருந்தாலும் காதின் அடிப்பகுதி 8 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். இரண்டு காதுகளுக்கு நடுவிலுள்ள பிளவை முதலில் வெட்டுங்கள். அப்போது சுற்றிலும் உள்ள கழிவு மரம் காதைத் தாங்கிக்கொண்டிருக்கும். வெளிக்கோட்டை முடித்துவிட்டுப் பிளவுக்கு வந்தால், தாங்க ஆளில்லாமல் காது அதிரும்.

பிளேடுக்கு வருகிறேன். தைக்கும்போது துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து ஒடியும் அல்லவா? இங்கும் அதேதான். வளைவில் மரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறீர்கள். பிளேடு இருக்கும் இடத்தை அச்சாகக் கொண்டு மரத்தைத் திருப்புங்கள். முன்னோக்கி மட்டும் மெதுவாகக் கொடுங்கள். பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். விரலால் சுண்டினால் தம்பூராக் கம்பிபோலத் தெளிவாக ஒலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். மந்தமாக ஒலித்தால் தளர்வு. 18 மில்லிமீட்டர் பைனுக்கு 5 அல்லது 7-ஆம் எண் பிளேடு, 3 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 1 முதல் 3 வரை. எண் குறையக் குறையப் பிளேடு மெலிதாகும். தடித்த பைனில் 1-ஆம் எண்ணைப் போட்டிருந்தால் ஒன்பது ஒடிந்ததில் வியப்பில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நார்வழியே பிளக்கும் இந்தக் குணத்தையே தொழிலாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியில் சைஃபன் என்ற ஊர். சுரங்கத் தொழில் நலிந்தபின் மரப்பொம்மைக்குத் திரும்பிய ஊர் அது. ஈரம் காயாத ஸ்ப்ரூஸ் மரத்தின் குறுக்குவட்டைக் கடைசல் இயந்திரத்தில் வளையமாகக் கடைவார்கள். பார்த்தால் மேடும் பள்ளமுமான வளையம்தான். அதைக் கத்தி வைத்துத் தட்டிப் பிளந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஆடோ குதிரையோ நிற்கும். உங்கள் முயலின் காதை எடுத்துக்கொண்டுபோன அதே பிளவு, அங்கே ஒரு மந்தையையே பெற்றுத் தருகிறது.

கவராயம்

அண்ணன் காதைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் முட்டைக்கு வருகிறேன். கையால் வரைந்த முட்டை பெரும்பாலும் எலுமிச்சையாகவோ பேரிக்காயாகவோ போய்விடும். கவராயத்தால் வரையுங்கள்.

60 மில்லிமீட்டர் அகல முட்டைக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கிடையாக ஒரு விட்டம்; அதன் இடமுனை அ, வலமுனை ஆ. வட்டத்தின் உச்சி இ. அ-விலிருந்து இ வழியாக ஒரு கோடு, ஆ-விலிருந்து இ வழியாக ஒரு கோடு. இரண்டையும் மேலே நீட்டுங்கள். கவராயத்தை 60-க்கு விரித்து அ-வில் ஊன்றி, ஆ-விலிருந்து மேல்நோக்கி வில் வரையுங்கள். அ-விலிருந்து வரும் கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். மறுபக்கமும் அப்படியே. உச்சியில் மிஞ்சும் இடைவெளியை இ-யில் ஊன்றிச் சிறிய வில்லால் மூடினால் முட்டை முடிந்தது. உயரம் ஏறத்தாழ 78 வரும். கோழிமுட்டையின் சாயல் அப்படியே இருக்கும்.

பன்னிரண்டையும் தனித்தனியாக வெட்ட வேண்டாம். 3 மில்லிமீட்டர் பிளைவுட் மூன்று தகடுகளை அடுக்கி, ஓரங்களை ஒட்டுநாடாவால் கட்டி, ஒரே வெட்டாக வெட்டுங்கள். அடியில் வேண்டாத தகடு ஒன்று இருந்தால் சிராய் எல்லாம் அதில் போகும். அடுக்கி வெட்டும்போது பிளேடு மேசைக்குச் செங்குத்தாக இல்லையென்றால் அடித்தகட்டின் முட்டை வேறு அளவில் வரும். சோதிப்பது எளிது. தடித்த மரத்துண்டில் மேலோட்டமாக ஒரு கீறல் வெட்டி, துண்டைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய்க் கீறலைக் காட்டுங்கள். பிளேடு உரசாமல் உள்ளே நுழைந்தால் மேசை சரி.

உருண்டையான முட்டையும் உங்கள் ரம்பத்தில் வரும். 45-க்கு 45 மில்லிமீட்டர் சதுரக் கட்டை, நார் நீளவாட்டில். அடுத்தடுத்த இரண்டு முகங்களில், ஒரே உயரத்தில், 40 மில்லிமீட்டர் அகல முட்டை வரையுங்கள். ஒரு முகத்தை வெட்டியதும் கழிவைத் தூக்கி எறியாமல் மறுபடி பொருத்தி, ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றி, கட்டையைத் திருப்பி மறுமுகத்தை வெட்டுங்கள். நாடாவை அவிழ்த்தால் நடுவில் நான்கு விளிம்புகள் உள்ள முட்டை இருக்கும். அந்த விளிம்புகளைத் தேய்த்து உருட்டுவதுதான் உங்கள் ரோட்டரி கருவியின் வேலை.

தூசிமறை

கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம்தான். ரோட்டரி கருவிகள் பல நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கும் மேலே போகும். பைனுக்கும் பாஸ்வுட் என்ற மென்மரத்துக்கும் உப்புத்தாள் உருளையை 10,000 முதல் 15,000-க்குள் வைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். பைனின் பிசின் உருளையில் அடைத்துக்கொண்டால் அது தேய்க்காது, சூடேற்றும். ரப்பர்க் கட்டியால் துடைத்தெடுங்கள். உருளை சக்கரம்போல மரத்தின்மேல் ஓடப் பார்க்கும். அது ஓட விரும்பும் திசைக்கு எதிராக நகர்த்தினால் கைக்குள் அடங்கும்.

ஸ்க்ரோல் ரம்பத்திலும் விளிம்பு கருகினால், வரைபடத்தின்மேல் வழவழப்பான பெட்டி ஒட்டும் நாடாவை ஒட்டிவிட்டு வெட்டிப் பாருங்கள். உராய்வு குறையும்.

எம்.டி.எஃப். பற்றிக் கேட்டீர்கள். அதில் நார் இல்லை, ஆகவே காது பிளக்காது. மெல்லிய முனைகள் உதிரும். அதன் தூசியோ மிக நுண்ணியது, பசையும் கலந்தது. எந்த மரத்தூளானாலும் சரி, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சிறு பொம்மைதானே என்று முகமூடியை விட்டுவிடாதீர்கள். என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 போடுங்கள், கண்ணாடியும் போடுங்கள். கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் தலையில் நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தையலில் பழகியவர் என்பதால் சொல்கிறேன், கழுத்தில் தொங்கும் அளவுநாடாவைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

என் விருப்பம், வண்ணமே பூசாமல் விட்டுவிடலாம். பைனின் ரேகையைவிட அழகான முயல் ரோமம் எங்கே கிடைக்கும்?

ஊசிநூல்

நான்கு காதுகளையும் எடுத்துப் பார்த்தேன். ரேகை குறுக்கேதான் ஓடுகிறது. வெட்டுத்தாளில் இத்தனை ஆண்டுகள் அம்புக்குறி போட்ட கை, மரத்தில் போட மறந்துவிட்டது. அளவுநாடாவை ஆணியில் மாட்டிவிட்டேன்.

முயலுக்கு வண்ணம் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். முட்டைக்கு ஏற்க மாட்டேன். வசந்தம் என்றால் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வேண்டும். பிளைவுட் விளிம்பில் மட்டும் வண்ணம் உறிஞ்சிக்கொண்டு திட்டுத் திட்டாக நிற்கிறது. கோடு போட்டால் கசிகிறது. பேத்தி சிறியவள், வாயில் வைப்பாள். எந்த வண்ணம் நல்லது?

பழைய உளி

தண்ணீர் தொட்டுத் துடையுங்கள், நார் சிலிர்த்து எழும். காய்ந்ததும் 240-ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பிறகு வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து விளிம்புக்கு மட்டும் ஒரு பூச்சு. அது அடைத்துக்கொண்டால் வண்ணம் உள்ளே இறங்காது. பைனில் கணு இருந்தால் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சை ஒரு கை பூசாமல் வண்ணம் வைக்காதீர்கள்; சில மாதத்தில் மஞ்சளாக மேலே வரும்.

குழந்தைக்கு என்றால், பொம்மைக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 71-3 என்று டப்பாவில் அச்சிட்ட நீர்வண்ணப் பூச்சு வாங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் சிறிய முட்டையைக் கையில் கொடுக்காதீர்கள், உயரத்தில் தொங்கட்டும். முயலுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியே காயவிடுங்கள்.

முட்டையில் ஆண்டையோ தேதியையோ பொறிக்காதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் நகர்ந்துகொண்டே இருக்கும் நாள். பொறிக்காத முட்டையை ஆண்டுதோறும் வெளியே எடுக்கலாம்.

ஊசிநூல்

ஐந்து முயல்கள் நிற்கின்றன. பத்து காதுகளும் இருக்கின்றன. கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. ஐந்துக்கும் சேர்த்து ஒரு பிளேடுதான் ஒடிந்தது; அதுவும் கடைசி முயலின் வாலில், நான் அவசரப்பட்டபோது.

முட்டைகளில் பத்து தட்டையானவை, இரண்டு உருண்டை. முதல் உருண்டை முட்டையின் நாடாவை அவிழ்த்தபோது கழிவுத் துண்டுகள் நாலாபக்கமும் விழ, நடுவில் முட்டை நின்றது. அந்தக் கணத்துக்காகவே இன்னொன்று வெட்டினேன். விளிம்பை உருட்ட 12,000-இல் வைத்தேன், எங்கும் கருகவில்லை.

ஆட்டுக்குட்டிக்கு நானே ஒரு வழி கண்டேன். ரோட்டரி கருவியில் பர் என்ற குடையும் முனையில் சிறிய உருண்டைத்தலை உள்ளதை மாட்டி, உடம்பு முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் குழி போட்டேன். தள்ளி வைத்துப் பார்த்தால் சுருண்ட கம்பளி. முகத்தையும் கால்களையும் வழவழப்பாகவே விட்டுவிட்டேன். வயிற்றின் கீழே நார் வெட்டுக்கு எதிராக ஓடும் இடத்தில் மட்டும் குழி கிழிந்தது. அங்கே கருவியின் திசையை மாற்றிப் பிடித்தபின் சரியாக வந்தது.

வளையத்துக்கு இன்னும் ஆறு துலிப்கள் வெட்ட வேண்டும். தண்டை 5 மில்லிமீட்டரில் வரைந்திருந்தேன். 7 ஆக்கி, அம்புக்குறியும் போட்டுவிட்டேன். நாளைக் காலை தொடங்குகிறேன்.