பிசியோ பிரிவில் ஆள் நிற்பதே இல்லை: சம்பளத்தைத் தவிர என்ன செய்யலாம்?

காவிரிக்கரை பிசியோ:

ஈரோடு பக்கம் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் பிசியோ (இயன்முறை சிகிச்சை) பிரிவுக்கு நான் பொறுப்பு. ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் இருக்கிறோம். அதிலும் ஒரு பெண் போன வாரம் பேப்பர் போட்டுவிட்டாள். முழங்கால் மாற்று அறுவை முடிந்தவர்களை மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைப்பதில் அவளுக்கு இருந்த பொறுமை எனக்கே கிடையாது. நிர்வாகம் சொல்வது ஒன்றுதான்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் மேடம், வேறு ஆள் போடுங்கள்."

வேறு ஆள் கிடைப்பார்கள். பிபிடி என்கிற பிசியோ பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் வருகிறவர்கள் ஒரு வருடம் தாண்டுவதில்லை.

காலை ஓபி திறந்ததும் பெஞ்சு நிறைந்துவிடும். முழங்கால் தேய்ந்த பாட்டிகள், சர்க்கரை நோயோடு தோளும் இறுகிப்போனவர்கள், தறியில் நின்று நின்று இடுப்பு போனவர்கள். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி சீட்டு: "ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்டு, 10 நாள்." இரண்டுமே வலி குறைக்க வைக்கிற மெஷின்கள், ஒன்று மின்சாரத்தில், மற்றது ஒலி அலையில். நாலரை வருடம் படித்த பிள்ளை மெஷினைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும். தொடைத் தசையை வலுவாக்கினால்தான் அந்தப் பாட்டிக்கு மாடிப்படி ஏற முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரமாவது வேண்டும். இங்கே பில் மெஷினுக்குத்தான், பயிற்சிக்கு இல்லை. அதனால் அரை மணி நேரம் ஒருவரோடு நின்றால் "ஏன் கூட்டம் நகரவில்லை?" என்று ரிசப்ஷனிலிருந்து போன் வரும்.

ஆள் மாறுவதில் அதிகம் அடிபடுவது பக்கவாதம் வந்தவர்கள். எந்தக் கையை எப்படித் தாங்க வேண்டும், எதற்கு அவர் பயப்படுவார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறாது. ஒருவரின் மனைவி புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் "நீயாவது இருப்பியா கண்ணு?" என்று கேட்கிறார். அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் வரை சம்பள உயர்வு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். (ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. அதற்கு நான் உடன்பட மாட்டேன்.) வேறு ஏதாவது மாற்றிப் பார்த்து, ஆள் நின்ற அனுபவம் யாருக்காவது உண்டா?

பாலைவனத்து நண்பன்:

அக்கா, நான் துபாய் வந்தது காசுக்குத்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. லைசென்ஸ் பரீட்சை, சர்டிபிகேட் சரிபார்ப்பு என்று அலைந்து வந்து சேர்ந்தேன். இங்கேயும் டென்ஷன் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒப்புதல் வரவில்லை என்றால் சிகிச்சை பாதியில் நிற்கும், மாத டார்கெட்டும் உண்டு. ஆனால் பேஷண்ட் வந்தால் பரிசோதித்து, என்ன செய்வது என்று முடிவு செய்வது நான்தான். ஊரில் அது இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேனோ என்னவோ. கட்டாயம் இருந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

வட்டார பிசியோ:

நான் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒப்பந்த ஊழியர். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வட்டாரத்துக்கு ஒரு பிசியோ. மாவட்ட நலவாழ்வுச் சங்க அறிவிப்புகளில் எங்களுக்கு மாதம் 13,000 ரூபாய் என்று போட்டதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனாலும் வீட்டுக்குள் போய், கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறவரை உட்கார வைத்துவிட்டு வரும்போது வேலை பிடித்திருக்கிறது. என்னைக் களைக்க வைப்பது வெயிலும், மாலையில் செயலியில் ஏற்ற வேண்டிய எண்ணிக்கையும், ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்கிற கவலையும்தான். உங்கள் பிள்ளைகளை மெஷினிலிருந்து கொஞ்சம் விலக்கி, ஒரு சில பேஷண்டுகளை முழுக்க அவர்கள் பொறுப்பில் விட்டுப் பாருங்களேன்.

கிளினிக் முதலாளி:

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். இடத்துக்கு வாடகை, மெஷினுக்குத் தவணை, கரண்ட் பில். கை பழகும் வரை நான் சொல்லிக்கொடுக்கிறேன். பழகினதும் என் பேஷண்டிடமே போன் நம்பர் வாங்கி, சாயங்காலம் ஹோம் விசிட் போய், அடுத்த மாதம் விலகிவிடுகிறார்கள். ஸ்ட்ரெஸ் எனக்கு இல்லையா?

காவிரிக்கரை பிசியோ:

இருக்கிறது சார், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஹோம் விசிட்டை நீங்களே நடத்தி, வருமானத்தில் பங்கு கொடுத்தால் அவர்கள் ஏன் ஒளிந்து போகப் போகிறார்கள்? நம் ஊரில் பல பிசியோக்களுக்கு வீட்டு வாடகை கட்டுவதே அந்தச் சாயங்கால வேலைதான்.

வகுப்பறை:

பிசியோ கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் தந்த அளவுகோலில் வேலைச் சோர்வுக்கு மூன்று பக்கம். மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் விலகிப்போவது, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பது. நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது மூன்றாவது. அது வேலைப் பளுவை மட்டும் குறைத்தால் போகாது. இரண்டாவது வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: உங்கள் பிரிவில் "நாலாம் பெட் முழங்கால்" என்கிறார்களா, பெயர் சொல்கிறார்களா?

இன்னொன்று, உடம்பு. கையால் அழுத்திச் சிகிச்சை செய்கிறவர்களுக்குக் கட்டைவிரல் மூட்டு வலியும், ஆளைத் தூக்கி நிறுத்துகிறவர்களுக்கு இடுப்பு வலியும் சகஜம். பிசியோவுக்கே வலி என்றால் சொல்ல வெட்கம். அதைச் சொல்லாமலே வேலையை விட்ட மாணவர்களை எனக்குத் தெரியும்.

மரியாதைக் குறைவும் சும்மா விஷயமில்லை. 2025இல் புதிய பிசியோ பாடத்திட்டம், பிசியோக்கள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடலாம் என்றது. செப்டம்பரில் மத்திய சுகாதாரத் தலைமை இயக்குநரகம் கூடாது என்று கடிதம் போட்டு, உடனே அதை நிறுத்தியும் வைத்தது. அந்த வாரம் என் வகுப்பில் பாடமே நடக்கவில்லை.

காவிரிக்கரை பிசியோ:

நன்றி. பெயர் விஷயத்தை இன்று கவனித்தேன். கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சைக்கு வந்தவரை "டிராக்‌ஷன் கழுத்து" என்று கூப்பிட்டது வேறு யாரும் இல்லை, எங்கள் பிரிவிலேயே சீனியரான பையன்.

சனிக்கிழமை நிர்வாகத்தோடு பேசப் போகிறேன். முதல் நாள் பரிசோதனைக்குத் தனி பில், பயிற்சிக்கும் ஒரு கட்டணம், சீட்டில் மெஷின் பெயருக்குப் பதிலாக நோயின் பெயரை மட்டும் எழுதுவது, இந்த மூன்றையும் கேட்பேன். மூன்றாவதற்கு டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள், அதனால் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். தூக்கி நிறுத்தும் வேலைக்கு ஒரு வார்டு உதவியாளரையும் கேட்டுப் பார்க்கிறேன். பரிசோதனைக்குத் தனியாக பில் போடுகிற மருத்துவமனையில் யாராவது இருந்தால் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். எண் இல்லாமல் போனால் அந்தக் கூட்டத்தில் எடுபடாது.