கலைச்சொல்: சாராயக் கிடங்கா, நீர்மப் பதனகமா?

> இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கட்டடங்கள் வளர்ந்த விதத்தை எழுதுகிறேன். சாராயத்தில் ஊறும் மாதிரிகளுக்கான தனிக் கட்டடத்தைச் 'சாராயக் கிடங்கு' எனலாமா?

வணக்கம் ஐயா.

வேண்டாம். நம் மலேசியாவில் சாராயம் என்றால் சம்சு என்ற மலிவு மதுதான் நினைவுக்கு வரும். கிடங்கு என்பதும் பொருந்தாது. ஆய்வாளர்கள் அங்கேயே ஜாடியைத் திறந்து வேலை பார்க்கிறார்கள். 'நீர்மப் பதனகம்' என்பது என் பரிந்துரை. மாதிரிகளைப் பதப்படுத்தும் இன்னொரு நீர்மமான ஃபார்மலினும் அதில் அடங்கும். எலும்பு, தோல், பூச்சிப் பெட்டிகள் இருக்கும் இடம் 'உலர் பதனகம்'.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த கட்டடம் 1881இல் திறக்கப்பட்டது. அதையொட்டி 2002இல் வந்த டார்வின் மையத்தின் முதற்கட்டம், சுமார் 2 கோடியே 20 லட்சம் மாதிரிகளுக்கான நீர்மப் பதனகம். 2009இல் வந்த இரண்டாம் கட்டம் பூச்சிகளுக்கும் செடிகளுக்குமான உலர் பதனகம். இரண்டையும் தனித்தனியே வைப்பதற்குக் காரணம் தீ அபாயம்தான். 70 விழுக்காட்டு எத்தனாலின் (சாராயத்தின்) ஆவி, ஏறத்தாழ 17 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்குச் சேர்ந்துவிடும். அதனால் அறையை அதற்குக் கீழே குளிர வைக்கிறார்கள். கோலாலம்பூரில் பகல் வெப்பம் 30ஐத் தாண்டும்; ஏர்கோன் நின்றால் அந்த எல்லை சீக்கிரமே கடந்துவிடும். ஆவி காற்றைவிடக் கனமானது, ஆகவே உறிஞ்சும் வழி தரையை ஒட்டி இருக்க வேண்டும். கூரையில் மட்டும் வைத்தால் பயன் குறைவு.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து

---

அக்கா, 'நீர்மப் பதனகம்' எனக்குச் சம்மதம். ஒன்று சேர்க்க வேண்டும்: மூடி சரியாக இறுகாவிட்டால் நீரைவிட எத்தனால்தான் முந்தி ஆவியாகும். ஜாடி பாதி நிறைந்திருந்தாலும் உள்ளே செறிவு குறைந்து மாதிரி அழுகும். மட்டம் பார்த்தால் போதாது, செறிவையும் அளக்க வேண்டும். விளக்கக் குறிப்பில் இது வரட்டும்.

பழைய கட்டடமும் புதியதும் சந்திக்கும் இடத்துக்கும் சொல் தேவை. 'விரிவு இணைப்பு' என்று எழுதுகிறார்கள். அங்கே இணைப்பே இல்லை, வேண்டுமென்றே விட்ட இடைவெளிதான் இருக்கிறது. புதுக் கட்டடம் தன் பாரத்தில் அமரும், பழையது எப்போதோ அமர்ந்துவிட்டது. இடையே சிமெண்ட் பூசினால் பழைய சுவர் வெடிக்கும். 'அசைவிடைவெளி' எனலாமா?

பினாங்கிலிருந்து

---

சரி தம்பி, அதுவே இருக்கட்டும். அந்த இடைவெளியை மூடும் தகட்டை ஒரு பக்கம் மட்டும் திருகாணி போட்டுப் பிடிக்க வேண்டும், இரு பக்கமும் இறுக்கினால் அசைவு நின்றுவிடும். பதனகத்தை ஒட்டிய அசைவிடைவெளியில், சுருங்கி விரியக்கூடிய தீத்தடுப்புப் பொருளைத் திணிப்பதும் கட்டாயம். அதற்கு 'நெகிழ் தீயடைப்பு' என்று பட்டியலில் சேர்த்துவிட்டேன்.