மறு: ‘பீரங்கிப் பிடி’ வேண்டாமே, ‘நெகிழ்பிடி’ என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஸ்பிரிங் ஏர்கன்னை (ஸ்பிரிங் விசையால் காற்றை அமுக்கிச் சுடும் துப்பாக்கியை) இறுக்காமல் ஏந்தும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘artillery hold’ என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த கேள்வி இது:

> ஆங்கிலத்தில் பீரங்கியின் பெயரால்தான் சொல்கிறார்கள். நாமும் ‘பீரங்கிப் பிடி’ என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம். ஆனால் பீரங்கி என்றதும் நம் காதில் விழுவது வெடிச்சத்தம். சுட்டதும் அதன் குழல் பின்னால் ஓடித் திரும்ப இடம் விட்டிருப்பார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவு வரும்? அந்தப் பெயருக்குக் காரணமே அந்த ஓட்டம்தான்.

ஸ்பிரிங் ஏர்கன்னில் விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் போய் அமுங்கிய காற்றில் முட்டியதும் துப்பாக்கி முன்னால் இழுக்கிறது. ரவை குழலைத் தாண்டுவதற்குள்ளேயே இந்தக் குலுக்கல் தொடங்கிவிடுகிறது. (துப்பாக்கிக் குண்டை ரவை என்பதா சன்னம் என்பதா என்ற சண்டையை இந்த இழையில் கிளப்பாதீர்கள்.) இறுக்கிப் பிடித்தால் இறுக்கம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், துளை விழும் இடமும் மாறும். அதனால் இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் துப்பாக்கியைச் சும்மா உட்கார வைக்கிறார்கள். விரல்கள் கட்டையைச் சுற்றுவதில்லை. அடிக்கட்டை (துப்பாக்கியின் பின்முனை) தோளில் பட்டும் படாமலும் இருக்கும். உள்ளங்கை மட்டும் எப்போதும் ஒரே இடத்தில். அதை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினாலே துளைகள் வேறு பக்கம் போகக்கூடும்.

‘தளர்பிடி’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் அதில் எனக்குத் தயக்கம். தளர்ச்சி என்றால் சோர்வு, அசட்டை என்று படும். நெகிழ்வது இடம் கொடுப்பது. ‘நெகிழ்பிடி’ வினைத்தொகையாகவும் சரியாக வருகிறது.

ஸ்பிரிங் இல்லாமல், சிலிண்டரில் அடைத்த காற்றால் இயங்கும் துப்பாக்கியைப் பிடிக்கும் முறைக்கு, நெகிழ்பிடியின் எதிர்ச்சொல்லாக ‘இறுக்கப்பிடி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் துப்பாக்கியால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர்; துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். நின்றபடி சுடுபவர் இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, எடையை எலும்பின் மேல் இறக்குகிறார். அங்கே எதையும் இறுக்குவதில்லை. அந்தத் துப்பாக்கியில் உதைப்பு மிகக் குறைவு என்பதால் தோளிலும் கன்னத்திலும் அழுந்த வைத்துக்கொள்ள முடிகிறது, அவ்வளவுதான். அதே பழக்கத்தோடு ஸ்பிரிங் துப்பாக்கியை எடுத்தால் துளைகள் சிதறும். அதனால் எதிர்ச்சொல்லே வேண்டாம்.

அகராதிக்கு என் வரைவு:

நெகிழ்பிடி (பெ.): ஸ்பிரிங் துப்பாக்கியின் உதைப்பைத் தடுக்காமல், சுடும்தோறும் ஒரே வகையில் ஓடவிடுமாறு ஏந்தும் முறை.

‘ஏந்தும்’ சரியா, ‘தாங்கும்’ சரியா?