சோவினிசத்துக்குத் தமிழில் என்ன போடுவது? அந்த ஷோவின் யார்?

ராயபுரம் மெய்ப்பு கேட்கிறார்:

மண்ணடியில் ஒரு சிறிய அச்சகத்தில் பதினோரு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். வருவது பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. போன வாரம் ஒரு மகளிர் சங்கத்தின் துண்டறிக்கை வந்தது. கையெழுத்துப் பிரதியில் "ஆண் சோவினிசம்" என்று இருந்தது, அதாவது ஆண் என்பதாலேயே தான் உசத்தி என்ற நினைப்பு. நான் அப்படியே விட்டுவிட்டேன். முதலாளி சிவப்புப் பேனாவால் அதை அடித்து "ஆண் பேரினவாதம்" என்று எழுதினார். சோவினிசம் என்றால் பேரினவாதம்தானே என்கிறார்.

ப்ரூஃப் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, சிங்கமும் புலியும் ஒரே பேரினம். இது விலங்கியல் பாடமா?"

நாளை மாலை நான்கு மணிக்குத் தாள் இயந்திரத்துக்குப் போகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் முதலாளியிடம் வாதாட முடியும்.

பெரம்பூர் பழைய லோகோ:

அம்மா, அது ஓர் ஆளின் பெயர். நிக்கோலா ஷோவின், நெப்போலியனின் படையில் சிப்பாய். 17 காயம் பட்டவனாம், அத்தனையும் மார்பிலும் முகத்திலும்தானாம். புறமுதுகு காட்டாதவனைப் பாடிய நம் புலவர்களிடம் கிடைத்திருந்தால் ஒரு புறப்பாட்டே எழுதியிருப்பார்கள். விரல்கள் போயின, நெற்றி சிதைந்தது. அதற்கு ஈடாக ஒரு கௌரவ வாளும் வருடத்துக்கு 200 பிராங்க் ஓய்வூதியமும் கிடைத்தனவாம். 1815-இல் நெப்போலியன் ஒரேயடியாக வீழ்ந்த பிறகும் இவன் மட்டும் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி உருகிக்கொண்டிருந்தான், ஊர் சிரித்தது என்பது கதை.

ஒவ்வொரு வரியிலும் "ஆம்" போட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஜெரார் த புய்மேஜ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ராணுவ ஆவணங்களில் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு சிப்பாய் இருந்ததற்குத் தடயமே கிடைக்கவில்லை. தெளிவாகக் கிடைப்பவன் மேடை ஷோவின்தான். பிரான்ஸ் அல்ஜியர்ஸ் மீது படையெடுத்தது 1830-இல். மறு ஆண்டே பாரிஸில் கோன்யார் சகோதரர்கள் அதை வைத்து ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். அதில் வரும் நாட்டுப்புறத்துப் புதுச் சிப்பாயின் பெயர் ஷோவின். சவடால் பேர்வழி. சொல்லைப் பரப்பியது அவனைப் போன்ற மேடைப் பாத்திரங்கள்தான். ஆக, பிறக்காத ஒருவனின் பெயரால் உலகமே திட்டிக்கொள்கிறது! அந்தக் குடும்பப்பெயரின் வேர்ச்சொல்லுக்கு லத்தீனில் "வழுக்கை" என்று பொருள் என்பது கூடுதல் சுவை.

நாட்டுப்பற்றைக் கேலி செய்த சொல் ஆண்களிடம் எப்படி வந்தது என்றால், இடையில் எங்கள் ஆட்கள், கம்யூனிஸ்டுகள், இருக்கிறார்கள். லெனின் "பெருருசிய சோவினிசம்" என்று எழுதினார். பெரிய இனம் சிறிய இனத்தை ஏறி மிதிப்பதைச் சொன்னார். அமெரிக்கக் கம்யூனிஸ்டுகள் அதை "வெள்ளைச் சோவினிசம்" ஆக்கினார்கள். 1931-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு கட்சி உறுப்பினரையே கூட்டம் கூட்டி விசாரித்தார்கள். ஃபின்லாந்திலிருந்து வந்தவர், ஒரு மன்றத்தின் காவலாளி. நடன நிகழ்ச்சிக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்களை அங்கே அவமதித்தபோது அவர் தடுக்கவில்லை. கேட்டதற்கு, உள்ளே விட்டால் அடுத்து எங்கள் குளியலறைக்கும் வந்துவிடுவார்கள் என்றார். கட்சியிலிருந்து நீக்கினார்கள். ஆண்களுக்கு அந்தச் சொல்லை ஒட்டியதும் அதே முப்பதுகளில்தான். எழுபதுகளில் பெண்கள் இயக்கம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது.

உங்கள் முதலாளி அகராதியைப் பார்த்தாரே தவிர வாக்கியத்தைப் பார்க்கவில்லை. இலங்கையின் 1956 தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது பேரினவாதம் கச்சிதமாக உட்காரும், ஏனென்றால் அங்கே எண்ணிக்கையில் பெரிய இனம் ஒன்று இருக்கிறது. ஆண்கள் எந்தப் பேரினம்?

கொருக்குப்பேட்டை கேரம்:

ஜிங்கோயிசம் என்பதும் இதுதானே? இரண்டுக்கும் "வெறி" போட்டால் வேலை முடிந்தது.

பெரம்பூர் பழைய லோகோ:

தம்பி, இரண்டும் பங்காளிகள், ஒரே ஆள் இல்லை. 1878-இல் ருசியா துருக்கியை நெருக்கியபோது, நாமும் சண்டைக்குப் போவோம் என்று லண்டன் கேளிக்கை அரங்குகளில் ஒரு பாட்டு ஓடியது. அதில் சத்தியம் செய்யும் சொல்லாக வந்தது ஜிங்கோ. அது போருக்கு ஆசைப்படும் வாய். சோவினிஸ்ட்டுக்குப் போர்கூட வேண்டாம், தான் உசத்தி என்றிருந்தால் போதும்.

"வெறி" என்பதும் எனக்குத் திருப்தியில்லை. அது முருகன் பூசாரியான வேலன் சாமி வந்து ஆடும் வெறியாட்டில் வரும் சொல், சாமி வந்த கனம் இன்னும் அதில் இருக்கிறது. ஷோவினைப் பார்த்து ஊர் சிரித்ததே, அந்தச் சிரிப்பு அதில் இல்லை.

தண்டையார்பேட்டை வாசகி:

எனக்கு எம்டன் நினைவுக்கு வருகிறது. 22-9-1914 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ஊரில் பாதிப்பேர் மூட்டை கட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே கப்பலின் கதை முடிந்துவிட்டது. சொல் முடியவில்லை. என் பாட்டி சீட்டுப் பணம் வாங்க வருகிறவரை "எம்டன் வருகிறான், கதவைச் சாத்து" என்பார். எம்டனாவது நிஜமாக வந்தது. ஷோவின் வராமலே பெயரை விட்டுப்போயிருக்கிறான்.

ராயபுரம் அக்கா, "ஆணாதிக்கம்" என்று போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் புரியும்.

ராயபுரம் மெய்ப்பு:

ஆணாதிக்கம் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அதே துண்டறிக்கையில் நான்கு வரிக்கு மேலே அந்தச் சொல் வேறு இடத்தில் இருக்கிறது: சொத்து, கூலி, வீட்டு வேலை பற்றிய பத்தியில். இங்கே எழுதியவர் சொல்வது, கூட்டத்தில் பெண் பேச எழுந்தால் பின்வரிசையில் கேட்கும் அந்தக் கனைப்பை.

காலையில் சங்கத்து அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். ஷோவின் கதையைச் சொன்னேன், 17 காயம் உட்பட. விழுந்து விழுந்து சிரித்தார். "ஆண் திமிர் என்று போடுங்கள், பின்வரிசைக்கு அதுதான் புரியும்" என்றார். முதலாளி, திமிர் அச்சில் வரக்கூடிய சொல்லா என்று முனகினார். பணம் கொடுக்கிறவர் சொன்னது என்றேன். மூன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டார்.