சோலைக்காட்டில் ஒரு கற்பனை மான்: கொம்பு பற்றி ஒரு சந்தேகம்

குறிஞ்சிக்காடு (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நீலகிரியின் மேல்மட்டத்தில், சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து வரும் இடத்தில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். அதற்காக 'பனிக்கலை' என்றொரு மானினத்தைப் படைத்திருக்கிறேன். அது இடுப்பளவு உயரம் உடையது. ஆண், பெண் இரண்டுக்கும் கிளைத்த கொம்பு உண்டு. ஆண்டுக்கொரு கிளை கூடும் அக்கொம்பு சாகும்வரை உதிராது என்பதால், கதையில் வரும் தாத்தா கிளைகளை எண்ணியே மானின் வயதைச் சொல்லிவிடுவார். ஆணுக்குக் கோரைப்பல்லும் வெளியே நீண்டிருக்கும். முப்பது நாற்பதாகச் சேர்ந்து சோலைக்குள் மேயும். கற்பனைதான் என்றாலும், காடு அறிந்த வாசகர் சிரித்துவிடக் கூடாது. எங்கே இடறுகிறது?

மிளாத்தடம்:
கொம்பில்தான் இடறுகிறது. உதிராத கொம்பு வரையாட்டுக்கும், பெயரில் மான் இருந்தாலும் மான் குடும்பத்தில் சேராத வெளிமானுக்கும் உரியது; அது எலும்புத் தண்டின்மேல் நகத்தைப் போன்ற பொருள் உறையாகப் படிந்தது, கிளைக்காது. மானின் கொம்போ முழுக்க எலும்பு. மென்மயிர்த் தோல் போர்த்தி, இரத்தம் ஓட வளரும் அது, பெரிய மான்களில் வளர்ச்சியின் உச்சத்தில் ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். ஆண்மைச் சுரப்பு ஏறும்போது அது இறுகித் தோல் உரிகிறது. சுரப்பு இறங்கியதும் அடியோடு கழன்று விழுகிறது. அவ்வளவு சுண்ணாம்புச்சத்தைத் தீனி மட்டும் தந்துவிடாது என்பதால், மான் தன் விலா எலும்புகளிலிருந்தும் கடன் வாங்குகிறது.

தாத்தாவின் கணக்கும் தேறாது. கடமானும் புள்ளிமானும் எவ்வளவு முதிர்ந்தாலும் வழக்கமாகக் கொம்புக்கு மூன்று முனைகளோடு நின்றுவிடும். வயதைச் சொல்ல வேண்டுமானால் அவர் கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பெண்ணுக்குக் கொம்பு என்பது முடியாததன்று. துருவப் பகுதியின் கலைமான் பிணைகளுக்கு உண்டு. ஆண்கள் இணைசேரும் பருவம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிட, பிணைகள் குளிர்காலம் முழுதும் வைத்திருந்து, பனியைத் தோண்டி எடுத்த தீனிக்குழியைக் காத்துக்கொள்கின்றன. உங்கள் பிணைகள் எதற்காகச் சண்டையிடும் என்பதைக் கதை சொல்லிவிட்டால் போதும்.

சருகோசை:
மேலே உள்ளவர் தொடாத இரண்டைச் சொல்கிறேன். கோரைப்பல்லும் பெருங்கொம்பும் ஒரே தலையில் அரிதாகவே சேரும். சீனத்து நீர்மானுக்கு நீண்ட கோரைப்பல் உண்டு, கொம்பே இல்லை. நம் காட்டுச் சிறுமானான கேளையாட்டுக்கு இரண்டும் உண்டு, இரண்டும் சிறியவை. அடுத்தது கூட்டம். கொடியும் புதரும் பின்னிக் கிடக்கும் அடர்காட்டில் வாழும் மான்கள் பெரும்பாலும் சிற்றுடலோடும், குட்டைக் கொம்போடும், தனித்தோ இணையாகவோதான் திரியும். பத்தடிக்கு அப்பால் கண் தெரியாத இடத்தில் நாற்பது பேர் சேர்ந்து என்ன காவல் காக்க முடியும்? கூட்டம் வேண்டுமென்றால் அவற்றை அந்தியில் புல்வெளிக்கு இறக்குங்கள். சோலைக்குள் கண்ணைவிட மூக்கே பேசும்: கண்ணோரச் சுரப்பியின் வாடையைச் செடி நுனியில் தேய்த்துவிட்டுப் போவது மான்களின் வழக்கம். இன்னொன்று, மானுக்கு மேல்தாடையில் முன்வெட்டுப் பல் கிடையாது. ஆகவே அது கடித்த தளிர் முயல் கடித்ததைப் போலச் சாய்வாக நறுக்கென்று இராது, பிய்ந்து நாராகத் தொங்கும். உங்கள் தாத்தா அதைப் பார்த்தே மான் வந்து போனதைச் சொல்லலாம்.

குறிஞ்சிக்காடு:
இருவருக்கும் நன்றி. கோரைப்பல்லை வைத்துக்கொண்டு கொம்பை விரல் நீளத்துக்குக் குறைத்துவிட்டேன். பிணைகளுக்கு இனிக் கொம்பு இல்லை. ஒரே ஒரு ஐயம்: ஆண்டுதோறும் உதிர்கிறதென்றால், காடு முழுக்கக் கொம்பாக அல்லவா கிடக்க வேண்டும்?

மிளாத்தடம்:
கிடந்தால் விடமாட்டார்கள். முள்ளம்பன்றி வந்து சுண்ணாம்புக்காகக் கொறிக்கும். மான்களே கூடச் சில வேளை மெல்லும். நான் ஓடைக்கரையில் ஒருமுறை பார்த்த கடமான் கொம்பில் நுனி மூன்றும் காணாமற்போய், தண்டு நெடுக உளியால் இழுத்ததைப் போல இணை இணையாகப் பல்வரிகள் பதிந்திருந்தன. விரல் நீளக் கொம்பென்றால் ஒரு மழைக்காலம் தாண்டுவதே கடினம்.